சின்னச் செருப்பின் கடைசிப் பக்கம்

ஜூன் 4

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் வலி மட்டும் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பாவம், அதற்கும் வேறு போக்கிடம் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? மாப்பிள்ளை சுகமா? என் வாண்டு என்ன செய்கிறாள்? இரண்டாம் வகுப்பில் இன்னும் யாரையும் கடித்து வைக்கவில்லையே?

இத்துடன் புதுக் கதை இருக்கிறது. வழக்கம்போல வாண்டுக்கு வாசித்துக் காட்டி, ஓரத்தில் பென்சிலால் குறி போட்டு அனுப்பு. நெளிந்தால் பெருக்கல் குறி. சிரித்தால் வட்டம். 'அப்புறம்?' என்று கேட்டால் டிக். போனில் கேட்டுக்கொள்ளலாம்தான், ஆனால் போனில் நீ "ம்" என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. பக்கங்கள் எப்படியும் தபாலில்தான் வரவேண்டும், கூடவே நாலு வரி எழுதிப் போடு.

கதை இதுதான். ஒரு வீட்டு வாசலில் செருப்பு அலமாரி. அதில் ஒரு பெரிய செருப்பு, ஒரு சின்னச் செருப்பு. பெரியது காலையில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பும். ஒருநாள் திரும்பவில்லை. சின்னது படி இறங்கித் தேடிப் போகிறது. வழியில் ஒரு குடை, பஞ்சரான சைக்கிள், செருப்பு கடிக்கிற நாய் என்று எல்லோரையும் கேட்கிறது. யாரும் பார்க்கவில்லை. சோர்ந்துபோய் வாசலுக்கு வருகிறது. கடைசிப் பக்கத்தைப் புரட்டினால், பெரிய செருப்பு தன் இடத்தில் ஜம்மென்று இருக்கிறது.

இது வாண்டு கொடுத்த கதைதான். போன தடவை வந்தபோது பார்த்தேனே, அவள் செருப்பை அப்பா செருப்போடு ஒட்டித்தான் கழற்றிப் போடுவாள். தெரியாமல் நடுவில் என்னுடையதை வைத்தேன், தூக்கித் தெருவில் வீசிவிட்டாள்.

இதுவும் பதிப்பகத்திலிருந்து திரும்பி வந்தால் நான் எழுதுவதையே விட்டுவிடுவேன் என்று சொல்ல ஆசைதான். போன தடவையும் அதைத்தான் சொன்னேன். சீக்கிரம் படித்து அனுப்பு, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உன் அக்கா

*

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் முழங்காலுக்கு அந்தத் தைலத்தைத் தடவுகிறாயா, அல்லது அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. டிக்கெட் கவுண்டரில் முகூர்த்தக் கூட்டம். போகிற பஸ்ஸை விட்டுவிட்டுப் போகாத பஸ்ஸைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

கதையை வாசித்தேன். குடை வருகிற இடத்தில் வாண்டு நெளிந்தாள், தலையணையை உதைத்தாள், தண்ணீர் கேட்டாள். அங்கே மூன்று பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். நாய்க்கு விழுந்து விழுந்து சிரித்தாள். "செருப்புக்குக் கண்ணு எங்க இருக்கு?" என்று ஒரு கேள்வி. எனக்குத் தெரியவில்லை, பெரியம்மாவிடம் கேள் என்றேன். முடிவில் டிக்.

அவர் வெளியூரில் இருக்கிறார். வேலை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கச்சி

*

ஜூலை 6

என் செல்லத் தங்கச்சிக்கு,

நலம்தானே? மாப்பிள்ளை வந்துவிட்டாரா? இப்படி ஓயாமல் இயந்திரம் பொருத்த அனுப்பினால் மனிதர் என்ன ஆவார்? வந்ததும் நன்றாகத் தூங்கச் சொல்.

பக்கங்கள் கிடைத்தன. காலமெல்லாம் இந்தக் கடையில் மூக்குக்கண்ணாடி தேய்த்துத் துடைத்து, எனக்கு எதை எடுத்தாலும் கறைதான் முதலில் கண்ணில் படுகிறது. முதல் பக்கத்தில் டம்ளர் வைத்த வட்டம். நாய்ப் பக்கத்தில் வாண்டுவின் கட்டைவிரல், ரொட்டி எண்ணெயோடு. சைக்கிளில் பால். கடைசிப் பக்கம் மட்டும் அப்பழுக்கில்லாமல் இருக்கிறது, ஒரு மடிப்பு கூட இல்லை. எனக்குச் சிலிர்த்துவிட்டது. தொடக்கூட மறந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்! முடிவு என்றால் இப்படி அமையவேண்டும்.

குடையைத் தூக்க எனக்கு மனசில்லை. கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன். முடிவு தந்த தைரியத்தில் இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பிவிட்டேன். தபால்காரரை வாசலில் நின்று வழிமறிக்கிறேன், அவர் இப்போதெல்லாம் என் தலையைப் பார்த்தாலே எதிர்ப்பக்கமாகப் போகிறார்.

உன் அக்கா

*

செப்டம்பர் 15

தங்கச்சி,

எப்படி இருக்கிறாய், ஏன் பதிலே இல்லை என்றெல்லாம் அப்புறம் கேட்கிறேன். கதையை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்!

அதற்கு முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டதைக் கேள். ஒருவர், "அட்டையில செருப்பப் போட்டா எந்த அம்மா காசு குடுத்து வாங்குவா? முயலா மாத்திக் குடுங்க" என்றார். முயல் ஏன் செருப்பு அலமாரியில் நிற்கிறது என்று அவரே எழுதிக்கொள்ளட்டும் என்று போனை வைத்துவிட்டேன். இன்னொருவர் இதில் நீதி என்ன என்று கேட்டு எழுதினார். கழற்றிய செருப்பை நடுவழியில் போடாதே என்பதுதான் நீதி என்று பதில் போடக் கை துறுதுறுத்தது.

மூன்றாவதாக ஒரு சின்னப் பதிப்பகம். மாடிப்படிக்குக் கீழே இரண்டு அறை, கூரை வரைக்கும் புத்தகக் கட்டு, ஒரே ஒரு மின்விசிறி. அதன் ஆசிரியர் அம்மா என்னைவிட வயதில் சின்னவள். என்னை எதிரில் உட்காரவைத்து முழுக் கதையையும் வாய்விட்டு வாசித்தாள். என் கதையை இன்னொருவர் குரலில் கேட்பது அதுதான் முதல் தடவை. உள்ளங்கை வியர்த்து, கைப்பை வாரெல்லாம் ஈரம். நாய் வரும்போது அவள் சிரித்தாள். எனக்கு எழுந்து ஆடவேண்டும் போலிருந்தது.

கடைசிப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்தாள். "இதப் பத்தி அப்புறம் பேசுவோம் மேடம்" என்றாள். பேசட்டும்.

மாப்பிள்ளையிடம் முதலில் சொல். அந்தக் காலத்திலேயே "அண்ணி, நீங்க எழுதணும்"னு சொன்னவர் அவர்தான். அன்றைக்கே நினைத்தேன், என் தங்கச்சிக்கு நான் பார்த்த மாப்பிள்ளை தங்கம் என்று.

உன் அக்கா, எழுத்தாளர் (சிரிக்காதே)

*

நவம்பர் 20

அன்புத் தங்கச்சிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் தபால் அட்டை வந்தது. 'சந்தோஷம் அக்கா, வேலை அதிகம்' என்று ஒரே வரி. அட்டையில் மீதி இடமெல்லாம் காலியாகக் கிடக்கிறது. போகட்டும், இங்கே என் தலையே வெடிக்கிறது.

அந்த ஆசிரியர் அம்மா கடைசிப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்கிறாள். பெரிய செருப்பு திரும்பி வரக்கூடாதாம். ஏன் என்று கேட்டேன்.

"பெரிய செருப்பு திரும்பி வராத வீட்டுலயும் இத வாசிப்பாங்க மேடம். அந்தப் பிள்ளைக்கு உங்க கடைசிப் பக்கம் பொய்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. குழந்தைகளை அழவைக்க நான் பேனா எடுக்கவில்லை என்றேன். வாண்டுவின் பென்சில் குறி போட்ட பக்கங்களைக் கைப்பையிலிருந்து எடுத்து அவள் மேசையில் பரப்பினேன். பாருங்கள், முடிவில் டிக், அப்பழுக்கில்லாத பக்கம், எட்டு வயதுக் குழந்தைக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லையா என்று கத்தியே விட்டேன். படம் வரைகிற தம்பி பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அவள் அசரவில்லை. அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "அந்தப் பாப்பாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. பெரிய செருப்பு வரலேன்னா சின்னது என்ன செய்யும்?" என்றாள். பிப்ரவரிக்குள் முடிவு தெரிந்தாக வேண்டும், இல்லையென்றால் அவர்கள் வேறு புத்தகத்தை எடுத்துக்கொள்வார்கள்.

இத்தனை வருஷம் அலைந்து கைக்கு எட்டியது, வாய்க்கு எட்டாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. வாண்டுவிடம் கேட்டு உடனே எழுது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் அந்த அம்மாவை ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

உன் அக்கா

*

டிசம்பர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதமும், அதற்குப் பின் வந்த அட்டைகளும் கிடைத்தன. கடைசி அட்டையைத் தபால்காரர் படித்துவிட்டு, "உங்க அக்காவுக்குப் பதில் போட்டுருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேட்பதற்குச் சந்தர்ப்பம் அமையவில்லை. வாண்டுக்குப் பரீட்சை, எனக்குக் கவுண்டரில் ஆள் குறைவு. டிக் போட்டிருக்கிறேன் அல்லவா, அது போதாதா? நீ உன் முடிவையே வைத்துக்கொள். அல்லது அந்த அம்மா சொல்கிறபடி செய். எனக்கு இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

ஒரு புத்தகம்தானே அக்கா. ஏன் இப்படிப் பறக்கிறாய்?

குளிர் அதிகமாக இருக்கிறது. காலுக்கு உறை போட்டுக்கொள்.

உன் தங்கச்சி

*

ஜனவரி 3

என் வாண்டுக்குட்டிக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். சௌக்கியமா? பல் விழுந்துவிட்டதா, இன்னும் ஆடுகிறதா? செருப்புக்குக் கண் வார் கோர்க்கிற ஓட்டையில் இருக்கிறது. வெகுநாள் யோசித்துக் கண்டுபிடித்தேன்.

உன் அம்மாவுக்கு ஒரு கேள்வி கேட்க நேரமில்லையாம். 'ஒரு புத்தகம்தானே' என்று வேறு எழுதிவிட்டாள், அதற்கு நான் அவளோடு பேசமாட்டேன். அதனால் உன்னிடமே நேரே கேட்கிறேன். செருப்புக் கதையின் கடைசிப் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ டிக் வாங்கிய பக்கம்தான். இதில் பெரிய செருப்பு திரும்பி வருகிறது அல்லவா? வராவிட்டால் சின்னச் செருப்பு என்ன செய்யும்? நன்றாக யோசித்து எழுது. தபால்தலை ஒட்டிய உறையும் வைத்திருக்கிறேன், உன் அம்மாவின் உதவி தேவையில்லை.

உன் பெரியம்மா

*

ஜனவரி 14

பெரியம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா. முழங்கால் நல்லா இருக்கா. பல் விழுந்துடுச்சு.

நீங்க அனுப்புன பக்கம் எனக்குத் தெரியவே தெரியாது. அம்மா வாசிக்கும்போது சின்னச் செருப்பு வாசலுக்கு வந்துச்சுன்னு சொல்லி முடிச்சிருவாங்க. நான் அப்புறம்னு கேட்டேன். தூங்குன்னு சொன்னாங்க. அப்புறம் டிக் போட்டாங்க.

எனக்கு இந்தப் பக்கம் புடிக்கல. அப்பா செருப்பு இப்ப எங்க வீட்டுல இல்ல. அப்பா போனப்ப எல்லாத்தையும் எடுத்துட்டுப் போய்ட்டாங்க. மழைக்குப் போடுற பழசையும் எடுத்துட்டுப் போய்ட்டாங்க.

கேள்விக்குப் பதில். சின்னச் செருப்பு ஒண்ணும் செய்யாது. மறுநாள் பள்ளிக்கூடம் போகும். அலமாரில அம்மா செருப்பும் இருக்குல்ல. அத ஏன் நீங்க எழுதல. மறந்துட்டீங்களா. பழுப்புக் கலரு. ஒரு வார் அறுந்து ஊக்கு போட்டிருக்கு. நான் இப்ப அதுக்குப் பக்கத்துலதான் கழட்டிப் போடுறேன்.

நாய் நல்லா இருக்கு. குடையத் தூக்கிடுங்க.

வாண்டு

*

ஜனவரி 20

தங்கச்சி,

வாண்டுவின் கடிதம் கிடைத்தது. அதைப் படித்ததிலிருந்து நான் நானாக இல்லை. கடையில் ஒருவருடைய இடக்கண் வில்லையை வலப்பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அவர் வாசல்படியில் தடுக்கிய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

முதலில் என்னைத் திட்டிவிடு. உனக்குத் தெரியாமல் குழந்தைக்கு அந்தப் பக்கத்தை அனுப்பினேனே. பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது, அதை அந்தக் குழந்தையிடமா காட்டியிருக்க வேண்டும்?

உன்மேலும் கோபம்தான்டி. எப்போது போனார்? ஏன் போனார்? என்னிடம் சொல்லாமல் அந்த வீட்டில் தனியாக எப்படி இருந்தாய்? நான் யார் உனக்கு, பக்கத்து வீட்டுக்காரியா? இதையெல்லாம் எழுதிவிட்டு உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டேன். அப்புறம் நான் உனக்கு என்ன எழுதினேன் என்று நினைத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை வந்தாரா, மாப்பிள்ளை தூங்கினாரா, மாப்பிள்ளைக்கு அன்பு, மாப்பிள்ளை தங்கம். உன்னைக் கேட்டது முதல் வரியோடு சரி. இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவளே நான்தான். என்னிடம் எந்த வாயால் சொல்வாய்?

கதையிலும் அதையேதான் செய்திருக்கிறேன். அந்த அலமாரியைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து எழுதினேன். உன் செருப்பும் அங்கேதான் இருந்திருக்கிறது. என் கண்ணில் படவே இல்லை. ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி போடுகிறேனாம்.

வாண்டு சொன்ன முடிவுதான் சரியான முடிவு. ஆனால் அது உன் வீடு, உன் செருப்பு. நீ வேண்டாம் என்று ஒரு சொல் எழுது, கதையையே திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். மனசாரச் சொல்கிறேன். இத்தனை நாள் பறந்தவள் சொல்கிறாளே என்று நினைக்காதே. நீ இல்லாத புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நான் வரட்டுமா? கேட்காமல் வந்து நிற்கமாட்டேன், இனிமேல் கேட்டுத்தான் செய்வேன். சாப்பிடுகிறாயா?

அக்கா

*

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். தூக்கம்தான் விட்டு விட்டு வருகிறது.

மே மாதம் போனார். வேறு இடத்தில் வேறு ஒருவரோடு இருக்கிறார். வாண்டுவைப் பார்க்க இரண்டு முறை வந்தார், வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று பேசிவிட்டுப் போனார். இதற்குமேல் இதில் எழுத ஒன்றும் இல்லை. நேரில் வா, சொல்கிறேன். வா அக்கா.

அவர் போன அடுத்த மாதம் உன் கதை வந்தது. பிரித்ததும் நின்றபடியே படித்தேன். அன்றைக்கு உன்னைக் கொன்றிருப்பேன். ஆனால் இதுவும் திரும்பி வந்தால் எழுத்தையே விட்டுவிடுவேன் என்று எழுதியிருந்தாய். அதனால் வாசித்தேன். கடைசிப் பக்கத்தை என்னால் வாசிக்க முடியவில்லை, மடிப்பு விழாமல் ஓரமாக வைத்துவிட்டேன். வாண்டு 'அப்புறம்?' என்று கேட்டாள். கேட்டால் டிக் என்பது நீ சொன்ன விதிதான். போட்டேன். நீ அந்தக் கறையில்லாத பக்கத்தைப் பார்த்துச் சிலிர்த்துப் போவாய் என்று நான் கண்டேனா?

பிறகு சொல்லலாம் சொல்லலாம் என்று இருந்தேன். நீ எழுத்தாளர் ஆகிவிட்டாய். அந்தச் சந்தோஷத்தின் நடுவில் இதைக் கொண்டுவந்து வைக்க மனம் வரவில்லை. உனக்குச் சொல்லிவிட்டால் அவர் போனது முடிவாகிவிடும் என்றும் ஒரு பயம் இருந்தது.

என் செருப்பைப் போட்டுக்கொள். அந்த ஊக்கை மட்டும் விட்டுவிடச் சொல்லலாம் என்று இருந்தேன், வெட்கமாக இருக்கிறது. வாண்டு விடமாட்டேன் என்கிறாள். ஊக்கு இல்லாவிட்டால் அது வேறு யாருடைய செருப்போ ஆகிவிடுமாம். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

'ஒரு புத்தகம்தானே' என்று எழுதியதை மறந்துவிடு.

உன் தங்கச்சி

*

ஆகஸ்ட் 9

அன்புத் தங்கச்சிக்கு,

நலம்தானே? உன் தூக்கம் எப்படி? உன் வேலை எப்படி? உன்னைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதாமல் இனி எனக்குக் கடிதம் போடாதே.

புத்தகம் வந்துவிட்டது. கட்டைப் பிரிக்கக் கத்தரிக்கோலைத் தேடிக் காணாமல், கடையில் கண்ணாடிச் சட்டம் முடுக்குகிற திருப்புளியால் கிழித்தேன். நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கிறது. குடை இல்லை. நான்காம் பக்கத்தில் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது, தேடாதே. என் பெயரை முகர்ந்து பார்த்தேன், மை வாசம் அடித்தது.

நேற்று ஒரு சிறுமி புதுக் கண்ணாடி வாங்க வந்தாள். கிட்டத்தில் எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க எப்போதும் ஒரு அட்டையைக் கொடுப்போம். நான் நைசாக என் புத்தகத்தைக் கொடுத்தேன். அவள் பாட்டுக்குப் படித்துக்கொண்டே போனாள். அவளுடைய அப்பா பணம் கட்டிவிட்டு வந்து கூப்பிட்டார், அவள் நிமிரவில்லை. வெளியே போகும்போது, "நாய் கடிச்ச செருப்பு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். அதை இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன், எழுதக் கை அரிக்கிறது.

வாண்டுக்கு ஒரு பிரதி வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தை நீ இன்னும் பார்க்கவில்லை. பயந்துகொண்டுதான் அனுப்புகிறேன்.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், உண்மையாகவே. தூக்கம் பரவாயில்லை. கவுண்டரில் என்னை மேற்பார்வைக்கு உயர்த்தியிருக்கிறார்கள், அதாவது இனிமேல் எல்லோருடைய திட்டையும் நானே வாங்கவேண்டும். புதுச் செருப்பு வாங்கினேன். பழையதைத் தூக்கிப்போட வாண்டு விடவில்லை, அலமாரியில்தான் இருக்கிறது.

உன் புத்தகத்தை அவள் முதலில் தொடவே இல்லை. "இது சின்னப் பசங்க புக்கு, நான் மூணாவது" என்றாள். பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தால், கையில் பென்சிலோடு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"இந்தத் தடவ நான் வாசிக்கிறேன். நீ கேளு. நெளியாம கேளு."

வாசித்தாள். எழுத்துக் கூட்டாமல், நீ வாசிக்கிற மாதிரியே கழுத்தை ஆட்டி ஆட்டி. சைக்கிளில் நான் முதுகைச் சொறிந்தேன், பெருக்கல் குறி போட்டாள். நாய்க்குச் சிரித்தேன், வட்டம். சின்னச் செருப்பு வாசலுக்கு வந்தது. வாண்டு நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். கேட்டால்தான் புரட்டுவாள் என்று தெரிந்தது. "அப்புறம்?" என்றேன். டிக் போட்டுவிட்டுப் புரட்டினாள்.

சின்னச் செருப்புக்குப் பக்கத்தில் என் செருப்பு. அந்தப் படம் வரைகிற தம்பி என் ஊக்கைக்கூட விடவில்லை, அதன் வளைவு அப்படியே இருக்கிறது. நான் அழுதுவிட்டேன் அக்கா. அவர் போன அன்று கூட இப்படி அழவில்லை. வாண்டு பென்சிலைப் பக்க ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். பிறகு, "அழுதா என்ன குறி? பெரியம்மா சொல்லவே இல்லையே" என்றாள்.

அவள் கேட்டதற்கு நீயே பதில் எழுது. புத்தகத்தைத் திருப்பி அனுப்புகிறேன், குறிகளைப் பார்த்துக்கொள். கடைசிப் பக்கம் நனைந்து சுருங்கிவிட்டது, ஓரத்தில் வாண்டுவின் கட்டைவிரலும் பதிந்திருக்கிறது. அவளுக்கு வேறு பிரதி வேண்டுமாம். வரும்போது கையோடு கொண்டு வா.

உன் தங்கச்சி